சுங்கை சிப்புட் குடும்பக் குழு: உள்சுவரில் எவ்வளவு, வெளிச்சுவரில் எவ்வளவு?

யாழினி: குமரன் அண்ணா, இருக்கீங்களா? ஃபார்ம் சிக்ஸ் பிசிக்ஸ். உள்ள வெற்றிடமா ஒரு உலோக உருண்டை. உள் ஆரம் 10 செ.மீ., வெளி ஆரம் 20 செ.மீ. நட்ட நடுவுல +2 நானோ கூலோம் சார்ஜ். உருண்டைக்கே +3 குடுத்துருக்காங்க. ரெண்டு சுவர்லயும் சார்ஜ் அடர்த்தி கேக்குறாங்க. 3ஐ ரெண்டா பிரிக்கணுமா?

குமரன் அண்ணன்: பிரிக்காத. உலோகத்துக்குள்ளாரயே, 15 செ.மீ.ல ஒரு கற்பனை உருண்டை வரை. அங்க மின்புலம் எவ்ளோ?

யாழினி: பூஜ்யம். இல்லன்னா எலக்ட்ரான் ஓடிக்கிட்டே இருக்கும்.

குமரன் அண்ணன்: மூடுன பரப்பு வழியா வெளிய வர்ற மொத்த மின்புலம் உள்ள இருக்குற சார்ஜப் பொறுத்ததுன்னு சொல்றதுதான் காஸ் விதி. அப்போ அதுபடி அந்த உருண்டைக்குள்ள அடங்குன மொத்த சார்ஜும் பூஜ்யம். நடுவுல +2 இருக்கு. உள்சுவர்ல?

யாழினி: −2! அப்போ வெளிய 5ஆ? 3தானே குடுத்தாங்க 🤔

குமரன் அண்ணன்: உருண்டையோட மொத்தம் 3தான். −2 உள்சுவருக்குப் போயிருச்சு. கூட்டுனா 3 வரணும்னா வெளிய 5 இருந்தாகணும்.

கலா அத்தை: நாளைக்கு நாசி லெமாக் யாருக்கெல்லாம்?

மணி மாமா: எனக்கு ரெண்டு, சம்பல் தனியா. தம்பி, இடி மின்னல்ல காடிக்குள்ள இருந்தா பயமில்லன்றது இதானா?

குமரன் அண்ணன்: ஆமா மாமா. டயர் ரப்பர்ங்கிறதால இல்ல, மின்னல் தகரத்தோட வெளிப்பக்கமாவே ஓடி எறங்கிரும். 1836ல ஃபாரடே லண்டன்ல 12 அடிக் கூண்டு கட்டி, உள்ளயே போயி உக்காந்து பாத்தாரு. வெளிய பொறி பறக்குது, உள்ள இருந்த கருவி அசையல.

பாட்டி: மொதல்ல டிவி சுவிட்ச அடைங்கடா

யாழினி: கணக்கு போட்டுட்டேன். உள்ள −2ஐ சுவரோட பரப்பு 0.126 சதுர மீட்டரால வகுத்தா −15.9. வெளிய 5ஐ அதோட பரப்பு 0.503ஆல வகுத்தா 9.9. சரியா?

குமரன் அண்ணன்: சதுர மீட்டருக்கு நானோ கூலோம்னு யூனிட் எழுதுலா, மார்க் போயிரும். வெளிச்சுவர் அடர்த்திய எப்சிலான் ஜீரோங்கிற வெற்றிட மாறிலியால, 8.85 × 10⁻¹², வகுத்துப் பாரு. சுவர ஒட்டி வெளிய உள்ள மின்புலம் வரும். 5ஐ புள்ளி சார்ஜா நெனச்சு 20 செ.மீ.க்குக் கணக்குப் போட்டாலும் அதே வரணும்.

யாழினி: ரெண்டுலயும் 1,120 சொச்சம் 👍 அடுத்தது: நடு சார்ஜ ஒரு பக்கமா தள்ளுனா?

குமரன் அண்ணன்: எனக்கு இந்தப் பாடத்துலயே பிடிச்சது இதுதான். உள்சுவர்ல கிட்ட இருக்கிற பக்கம் அடர்த்தி ஏறும், எதிர்ப்பக்கம் கொறையும். மொத்தம் அதே −2. ஆனா வெளிச்சுவருக்கு ஒண்ணுமே தெரியாது, 5 முன்ன மாதிரியே சமமா பரவி நிக்கும்.

யாழினி: மைலோ டின்ன வச்சு செஞ்சு பாக்கலாமா?

குமரன் அண்ணன்: இன்னிக்கி பெஞ்ச மழைக்கு முடியாது. ஈரக் காத்துல சார்ஜ் கசிஞ்சிரும். ஏர்கோன் ரூம்ல செய்யி.

கலா அத்தை: என் டின்ன யாரும் தொடக்கூடாது, உள்ள கருவாடு இருக்கு