பெட்டைக் குதிரைக்கு கர்ப்பப்பை இன்ஃபெக்‌ஷன், மருந்து விட்டும் சினை நிக்கல

கேள்வி:
குதிரைக்கு வயசு 14, முன்னாடி நல்லா குட்டி போட்டதுதான். இந்த சீசன்ல பொலிக்குதிரையோட சேர்த்தும் சினை பிடிக்கல, ஸ்கேன்ல கர்ப்பப்பைக்குள்ள தண்ணி கட்டியிருக்குன்னாங்க, ஆன்டிபயாடிக் உள்ள விட்டாங்க, அடுத்த ஹீட்ல (சினைப்பருவத்துல) பாத்தா மறுபடி தண்ணி. சீழ் வடியல, காய்ச்சல் இல்ல, தீனியும் நல்லா எடுக்குது. வேற மருந்து மாத்தலாமா?

பதில் 1:
கல்ச்சர் (உள்ள என்ன கிருமி இருக்குன்னு லேப்ல வளர்த்து பாக்குற டெஸ்ட்) எடுத்தாங்களா? அது இல்லாம மருந்து மாத்தாதீங்க. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமின்னா பென்சிலின் பெரும்பாலும் கேக்கும், ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ்னா கேக்காது. உறை போட்ட ஸ்வாப்லதான் (பஞ்சுக்குச்சிலதான்) எடுக்கணும், இல்லன்னா வெளிய இருக்குற கிருமி ஒட்டிக்கிட்டு ரிசல்ட்டே தப்பாயிடும், கூடவே சைட்டாலஜியும் (செல்கள மைக்ராஸ்கோப்ல பாக்குற டெஸ்ட்) கேளுங்க. ஆன்டிபயாடிக்க சும்மா சும்மா விட்டா கடைசில பூஞ்சை வந்து உக்காந்துக்கும், அது இதவிட பெரிய தலைவலி. என்ரோஃப்ளாக்சசின் ஊசி மருந்த கர்ப்பப்பைக்குள்ள விடவே கூடாது, உள்சுவர் புண்ணாயிடும்.

பதில் 2:
கல்ச்சர் சரி, ஆனா தண்ணிய வெளியேத்தாம எந்த மருந்து விட்டாலும் அது அந்த அழுக்குலயே கரைஞ்சு வீணாத்தான் போகும். ஹீட்ல கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும்போது, டாக்டர் சுத்தமான சலைன ஒவ்வொரு லிட்டரா விட்டு, திரும்பி வர்றது தெளிவா வர்ற வரைக்கும் கழுவுவார், அப்புறம் ஆக்ஸிடோசின் 10லேர்ந்து 20 யூனிட் போட்டா கர்ப்பப்பை சுருங்கி மிச்சத்த தள்ளிடும். வயசான குதிரைல கர்ப்பப்பை தொங்கிப்போய் தானா தள்ள முடியாது, உங்களுதுக்கும் அதுவா இருக்கலாம். இன்னொன்னு, சேர்த்ததுக்கு அப்புறமும் கழுவலாம், பயப்படாதீங்க, 4 மணி நேரத்துல தேவையான விந்தணு கருக்குழாய்க்கு போயிடும்.

பதில் 3:
வால தூக்கி பின்பக்கத்த பாருங்க. பிறப்புறுப்பு உதடு சாய்ஞ்சு, ஆசனவாய் உள்ள இழுத்திருந்தா சாணியும் காத்தும் நேரா உள்ள போகும், எத்தனை தடவ கழுவினாலும் திரும்ப வரும். அதுக்கு மேல் பாதிய தைக்கிற காஸ்லிக் ஆபரேஷன் இருக்கு, குட்டி போடுறதுக்கு முன்னாடி தையல கண்டிப்பா பிரிச்சு விடணும், இல்லன்னா கிழிஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. கல்ச்சர் எடுக்கவே இல்ல. உதடு கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரிதான் தெரியுது, இப்பதான் போய் பாத்தேன். அடுத்த ஹீட்ல ஸ்வாப் எடுத்துட்டு, சரியாகற வரைக்கும் சேர்க்கறத நிறுத்தி வைக்கிறேன். ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுறேன்.