தில்லியின் நவீன வட இந்திய உணவகங்களில் சைவ உணவு: தரத்தை எப்படி அறிவது?

கேள்வி:
வரும் டிசம்பரில் என் பெற்றோரைத் தில்லிக்கு அழைத்துச் செல்கிறேன். இருவரும் சைவம். ஓர் இரவு, சமையற்கலைஞரே தேர்ந்து ஒவ்வொன்றாகப் பரிமாறும் டேஸ்டிங் மெனு உள்ள நவீன வட இந்திய உணவகத்தில் அவர்களைச் சாப்பிட வைக்க வேண்டும் என்பது என் ஆசை. தட்டில் பூவும் புகையும் நிறைந்திருந்து, சுவையில் பஞ்சாபும் லக்னோவும் காணாமல் போய்விடுமோ என்று தயங்குகிறேன். சமையலறையின் உண்மையான திறமையை எந்தப் பண்டங்களில் காணலாம் என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1:
முதலில் தால் மக்கனியைக் கேளுங்கள். தோல் நீக்காத முழு உளுந்தை ஊறவைத்து, குறைந்த தணலில் மணிக்கணக்காக வேகவிட்டால், பருப்பு தானே குழைந்து கெட்டிப்படும். அந்த நேரத்தைச் செலவிடாத சமையலறை, குறையைக் கிரீமால் மறைக்கப் பார்க்கும். ஐடிசி மௌரியா ஹோட்டலின் புகாரா உணவகம், இரவு முழுவதும் தணலில் இருக்கும் தன் பருப்பினாலேயே பெயர் பெற்றது. வாயில் வைத்தவுடன் வெண்ணெயைவிட உளுந்தின் சுவை முந்தித் தெரிய வேண்டும். அடுத்தது ரொட்டி. தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி விரைவில் விறைத்துவிடும்; ஆகவே, மொத்தமாகக் கொண்டுவந்து வைக்காமல், ஒவ்வொன்றாகச் சூட்டோடு தருகிறார்களா என்று கவனியுங்கள்.

பதில் 2:
மேற்கண்ட கருத்து சரியே. ஆயினும் பழமையை மட்டும் அளவுகோலாகக் கொள்வது முறையன்று. பிரிவினைக்குப் பின் பெஷாவரிலிருந்து வந்தவர்கள் பழைய தில்லியின் தரியாகஞ்சில் நடத்திய மோத்தி மஹல் உணவகம்தான் தந்தூரி உணவைத் தில்லியில் புகழ்பெறச் செய்தது; இன்று மரபு என்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி அன்றைய புதுமையே. 2009இல் தில்லியில் தொடங்கிய இந்தியன் ஆக்சென்ட் உணவகம், சமையற்கலைஞர் மணீஷ் மெஹ்ரோத்ராவின் தலைமையில், ப்ளூ சீஸ் அடைத்த சிறிய நானையும், பழைய தில்லித் தெருக்களின் ‘தௌலத் கி சாட்’ என்னும் இனிப்பையும் தன் மேசைக்குக் கொண்டுவந்தது. பாலைக் கடைந்து எடுத்த நுரையில் குங்குமப்பூவும் பிஸ்தாவும் தூவிய அந்த இனிப்பு, தெருவில் குளிர்காலத்தில் மட்டுமே கிடைக்கும். நீங்கள் டிசம்பரில் செல்வதால், காலையில் சாந்தினி சௌக்கில் அதை உண்டுவிட்டு, இரவில் உணவகத்தின் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுமை எதைக் காப்பாற்றியது, எதை இழந்தது என்பது அப்போது தெளிவாகும்.

சைவ மெனுவை முன்கூட்டியே படித்துவிடுங்கள். இறைச்சி இருந்த இடத்திலெல்லாம் பனீரை வைத்திருந்தால் அந்த உணவகத்தைத் தவிர்க்கலாம். நீர் வடித்த தயிரில் செய்யும் தஹி கபாப், பலாக்காய், தாமரைத்தண்டு ஆகியவற்றுக்குத் தனி இடம் தந்திருந்தால், யாரோ அக்கறையோடு சிந்தித்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. என் தாயார் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. இத்தகைய இடங்களில் அது சிக்கலாகுமா?

பதில் 3:
மேசையை முன்பதிவு செய்யும்போதே தெரிவித்துவிடுங்கள், ஐயா. குழம்புகளுக்கான அடிப்படை மசாலா வெங்காயம் வதக்கி முன்னதாகவே தயாரிக்கப்படுவதால், மேசையில் அமர்ந்தபின் சொன்னால் அதை நீக்க வழியிருக்காது. பெருங்காயம், சுக்கு, சோம்பு கொண்டு சமைக்கும் காஷ்மீரி பண்டிதர் மரபு இருப்பதால், தேர்ந்த சமையற்கலைஞருக்கு இது கடினமன்று. தால் மக்கனியில் பொதுவாகப் பூண்டு இருக்கும் என்பதால், அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.