'காஸ்ட் எஃபெக்டிவ்னஸ்': வியாழனுக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் (திங்கள் இரவு)

குழுவினருக்கு வணக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கான கையேடு ஒன்றை மலாயிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு உடற்பருமன் வராமல் தடுக்கப் பள்ளி என்னென்ன செய்யலாம், எதில் போட்ட காசு வீண்போகாது என்பதுதான் விஷயம். எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். மலாயில் 'கெபெர்கெசானான் கோஸ்', ஆங்கிலத்தில் காஸ்ட் எஃபெக்டிவ்னஸ். பக்கத்துக்கு இரண்டு தடவை வருகிறது.

முதலில் 'சிக்கனம்' என்று போட்டேன். ஒரு பள்ளியில் படித்துக் காட்டியபோது ஓர் அம்மா கேட்டார்: "அப்படின்னா எது மலிவோ அதத்தான் எங்க பிள்ளைங்களுக்குச் செய்யப் போறீங்களா, டீச்சர்?" பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது 'செலவுத்திறன்' என்று மாற்றியிருக்கிறேன். சரிதானா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

ஜோர்ஜ்டவுன் கணக்காய்வாளர்

செலவுத்திறன் என்றால் செலவு செய்வதில் உள்ள திறமை. எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் நிறையவே இருக்கிறது. வேறு பாருங்கள் அக்கா.

செந்தூல் மருத்துவர்

அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற சொல்தான் நமக்கு வேண்டும். ஓர் உதாரணம் தருகிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நடுநிலைப் பள்ளிகளில் 'பிளானட் ஹெல்த்' என்று ஒரு திட்டம் இரண்டு ஆண்டு நடந்தது. தனிப்பாடம் வைக்கவில்லை. கணிதம், அறிவியல், மொழி வகுப்புகளுக்குள்ளேயே தொலைக்காட்சியைக் குறை, பழமும் காய்கறியும் சாப்பிடு, ஓடியாடு என்று நுழைத்துவிட்டார்கள். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 14 டாலர்தான் ஆனது. 2003இல் வந்த ஆய்வு, நலத்தோடு வாழும் ஓர் ஆண்டைக் கூட்ட 4,305 டாலர் ஆகிறது என்று கணக்குக் காட்டியது. மலிவா என்று கேட்டால் 14ஐச் சொல்லலாம். நாம் சொல் தேடுவது அந்த 4,305க்கு. செலவை விளைவால் வகுத்தால் கிடைப்பது அது. இன்னொன்று, எடையில் பலன் தெரிந்தது பெண்பிள்ளைகளிடம் மட்டும்தான். பையன்களை வைத்து மட்டும் கணக்குப் போட்டிருந்தால் இந்த எண் வந்திருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் வட்டாரத்தில் 54 தொடக்கப்பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அன்றாடம் 30 நிமிடம் கூடுதல் உடலசைவு, பெற்றோரும் சேர்ந்த சமையல் வகுப்பு, ஆஸ்டன் வில்லா காற்பந்துக் கழகத்தோடு ஒரு நிகழ்ச்சி என்று எல்லாம் செய்தார்கள். 2018இல் முடிவு வந்தது. பிள்ளைகளின் எடையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. விளைவே இல்லாதபோது எவ்வளவு சிக்கனமாக நடத்தினால் என்ன?

பட்டர்வொர்த் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மருத்துவத் தம்பி சொன்னதைத்தான் வள்ளுவர் ஏழே சீரில் சொல்லிவிட்டார். 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்.' போவது, வருவது, பின்னால் கிடைக்கும் ஊதியம் மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆகவே 'ஊதியச்சூழ்வு' என்று வைக்கலாம்.

'செலவு' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். செல் என்பதிலிருந்து வந்தது. சங்கப் பாடல்களில் செலவு என்றால் பயணம். தொல்காப்பியர் 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்' என்று நான்கையும் ஒரே நூற்பாவில் கட்டினார். காசு போவதற்கும் காதலன் போவதற்கும் தமிழில் ஒரே சொல்! தலைவன் பொருள் தேடப் புறப்படுகிறான். வழியில் நின்று நெஞ்சோடு கணக்குப் பார்க்கிறான். கிடைக்கப்போகும் பொருள் பெரிதா, இவளைப் பிரிவது பெரிதா? பிரிவதுதான் பெரிது என்று தோன்றியதும் போகாமல் நின்றுவிடுகிறான். அதற்குப் பெயர் செலவழுங்கல். நீங்கள் தேடும் ஆய்வு பாலைத்திணையில் அன்றைக்கே நடந்திருக்கிறது.

பி.கு.: கையேட்டில் 'உடற்பருமன்' என்று சேர்த்தே அச்சிடவும். பருமன் என்பதும் அறம் அறன் ஆனதுபோல் பருமம் பருமன் ஆனதாகவே இருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்

ஐயா, செலவழுங்கலை எங்கேயாவது பயன்படுத்தியே தீருவேன். ஆனால் 'ஊதியம்' என்று போட்டால் எங்கள் பெற்றோருக்குச் சம்பளம்தான் நினைவுக்கு வரும். 'திட்டத்தின் ஊதியச்சூழ்வு' என்று படித்தால் ஆசிரியருக்குச் சம்பள உயர்வு என்று எடுத்துக்கொள்வார்கள்.

பங்சார் உறுப்பினர்

எங்கள் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே ரயில்வே வேலைக்கு வந்தவர், அதனால் இலங்கைப் பாடநூல்களை நான் கொஞ்சம் பார்ப்பதுண்டு. அங்கே எஃபிஷியன்சிக்கு வினைத்திறன், எஃபெக்டிவ்னஸுக்கு விளைதிறன். ஆக 'செலவு விளைதிறன்'. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஒவ்வொரு ஊரிலும் புதிதாகச் செய்வது எதற்கு? விளைதிறன் வினைத்தொகை, ஊறுகாய் சுடுசோறு மாதிரி. அதில் ஒற்று மிகாது. வினைத்திறனில் வினை பெயர்ச்சொல், ஆகவே மிகும். தயவுசெய்து கலக்காதீர்கள்.

அப்புறம் ஐயா, பருமம் என்பது பதினெட்டுக் கோவை கொண்ட இடையணி. உடல் பெருப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பட்டர்வொர்த் தமிழாசிரியர்

இரண்டும் இடுப்பில்தானே அம்மா இருக்கின்றன.

ஜோர்ஜ்டவுன் கணக்காய்வாளர்

ஒற்றைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ராத்திரி யோசித்தேன். காஸ்ட் எஃபெக்டிவ்னஸ் ஒன்று, காஸ்ட் பெனிஃபிட் இன்னொன்று. இரண்டாவதில் கிடைத்த நன்மையையும் வெள்ளிக் கணக்காக (ரிங்கிட்டாக) மாற்றி இரண்டு தொகையையும் எதிரெதிரே வைப்பார்கள். முதலாவதில் நன்மை நன்மையாகவே இருக்கும்: இத்தனை பிள்ளைகள், இத்தனை ஆண்டு. இதைத் தமிழ் ஒரே எழுத்தில் சொல்லிவிடும். 'செலவு பயன்' என்றால் செலவும் பயனும், 'வரவு செலவு' போல உம்மைத்தொகை, ஒற்று மிகாது. அது பெனிஃபிட் ஆய்வு. 'செலவுப்பயன்' என்றால் செலவால் விளைந்த பயன், வேற்றுமைத்தொகை, ப் வரும். அது எஃபெக்டிவ்னஸ். எப்படி?

செந்தூல் மருத்துவர்

அண்ணே, அழகாக இருக்கிறது. ஆனால் பொருளியலில் பாதியை ஒரு 'ப்' தலையில் ஏற்றிவிட்டீர்கள். தட்டச்சில் முதலில் விழுவது அதுதான். பெனிஃபிட்டுக்கு 'ஆதாயம்' என்று வேறு சொல்லே வைத்துவிடுங்கள். செலவு ஆதாயம், செலவுப்பயன். ஒற்று விழுந்தாலும் பொருள் விழாது.

மலாய்க்காரர்களைப் பாருங்கள். 'கோஸ்' என்பதை ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'கெசான்' என்ற தங்கள் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டுப் போட்டு வேலையை முடித்துவிட்டார்கள். மலாய்மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பகாசாவில் யாரும் பாலைத்திணைக்குப் போகவில்லை.

பட்டர்வொர்த் தமிழாசிரியர்

அவர்களுக்குப் பாலைத்திணை இல்லை தம்பி, இருந்தால் போயிருப்பார்கள்.

நிபோங் திபால் ஆசிரியை

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் நான்காம் ஆண்டு வகுப்பு எடுக்கிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் இதை 'காஸ்ட் எஃபெக்டிவ்' என்றுதான் சொல்கிறோம். தமிழ்ச்சொல் வந்தாலும் அப்படித்தான் சொல்வோம் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பெற்றோர் கூட்டத்தில் அது எடுபடாது. அங்கே நான் சொன்னது பழமொழிதான்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஓட்டப்போட்டி வைத்துப் பதாகை, டி-சட்டை, பேச்சாளர் என்று செலவழித்துவிட்டு, அன்றைக்கே சிற்றுண்டிச்சாலையில் இனிப்புச் சீராப்புத் தண்ணீரும் பொரித்த நகெட்டும் விற்றால் அது சுமைகூலி. பொரித்ததை இரண்டு நாள் நிறுத்தச் சொல்வதற்குப் பள்ளிக்கு ஒரு காசும் ஆகாது. சிற்றுண்டிச்சாலை நடத்துநரின் முகம் கோணும், அதுதான் செலவு. அந்தச் செலவு எந்தக் கணக்கில் வரும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமென்றால் 'ஒரு வெள்ளிக்கு எவ்வளவு நன்மை' என்று நான்கு சொல்லாகவே விட்டுவிடுங்கள்.

செந்தூல் மருத்துவர்

டீச்சர், நடத்துநருக்குப் போகும் வருமானமும் கணக்கில் வரத்தான் வேண்டும். யார் பக்கம் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். பள்ளியின் பக்கமா, அரசின் பக்கமா, சமுதாயம் முழுவதுமா?

இதிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. அப்படிப்பட்ட வரி, போட்ட செலவைவிட மருத்துவச் செலவில் அதிகம் மிச்சம் பிடிக்கும் என்று அமெரிக்காவில் 2015இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதற்கு 'செலவுமிச்சம்' என்று தனிப்பெயர் வேண்டும். பள்ளித் திட்டம் மிச்சம் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் காசுக்குத் தகுந்த நலம் தரலாம். மிச்சம் வரவில்லையே என்று நல்ல திட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதுதான் என் பயம். நலத்தோடு வாழும் ஆண்டை நான் 'நலவாழ்வாண்டு' என்று எழுதிவருகிறேன்.

மட்டுறுத்துநர் (புதன் நள்ளிரவு)

'நலவாழ்வாண்டு' என்ற சொல்லுக்கு ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சண்டை போடாமல் பிறந்த ஒரே சொல் அதுதான்.

மற்றதற்குக் கைதூக்கச் சொன்னேன். 'செலவுப்பயன்' ஐந்து பேர். 'செலவு விளைதிறன்' இருவர். 'ஊதியச்சூழ்வு' ஐயா ஒருவர். ஆசிரியை வாக்களிக்கவில்லை, தூங்கியிருப்பார். பெரும்பான்மைப்படி செலவுப்பயன் என்று இழையை மூடுகிறேன்.

பங்சார் உறுப்பினர்

மூடுங்கள். ஆனால் பத்து ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் கோலாலம்பூர்ப் பிள்ளையும் இணையத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு சொல்லைத் தேடும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள். எஃபெக்டிவ்னஸ் வேறு, பயன் வேறு என்று இப்போதும் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர் (அடுத்த செவ்வாய்)

அச்சாகி வந்துவிட்டது. 'செலவுப்பயன்' என்றே போட்டேன். முதல்முறை வரும் இடத்தில் 'ஒரு வெள்ளிக்கு எவ்வளவு நன்மை என்ற கணக்கு' என்று ஆசிரியை சொன்னதை அப்படியே சேர்த்தேன். சுண்டைக்காய்ப் பழமொழி நான்காம் பக்கத்தில் கட்டத்துக்குள் இருக்கிறது. படித்துக் காட்டியபோது அதே அம்மா பழமொழிக்குச் சிரித்தார். மற்றதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் அத்தியாயத் தலைப்பில் 'செலவு பயன்' என்று விழுந்திருக்கிறது, மருத்துவர் மன்னிக்கவும்.

பட்டர்வொர்த் தமிழாசிரியர்

அட்டைப்படம் பார்த்தேன் அம்மா, நன்றாக இருக்கிறது. ஆனால் 'உடல் பருமன்' என்று பிரித்துப் போட்டது யார்?