விபிஎன்களுக்கு இடையே ரூட் பகிர்ந்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

கோட்டை நெட்வேர்க்:

கொழும்பில் எம்பிஎல்எஸ் (பாக்கெட்டுகளை லேபிள் ஒட்டி அனுப்பும் முறை) பக்கம் வேலை செய்கிற எங்கட ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். தனித்தனி விபிஎன்களுக்கு (ஒரே முதுகெலும்பில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பிரித்துக் கொடுக்கும் நெட்வேர்க்குகளுக்கு) இடையே ரூட், அதாவது ஒரு முகவரிக்குப் போகும் வழி, பகிர வேண்டி வந்தபோது என்ன செய்தீர்கள், எங்கே இடித்தது என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

ஒரே குழுமத்தின் இரண்டு கம்பனிகள். ஒன்றின் தலைமையகம் கோட்டையில், மற்றதன் களஞ்சியம் பேலியகொடையில். இரண்டுக்கும் தனித்தனி விஆர்எஃப், அதாவது ரூட்டருக்குள் தனித்தனி ரூட் டேபிள். மாலபேயில் உள்ள சேர்வர்களை இரண்டும் பாவிக்க வேண்டும், ஆனால் ஒன்றை ஒன்று எட்டக் கூடாது. இரண்டையும் ஒரே விஆர்எஃப்பில் போட்டு அக்சஸ் லிஸ்ட் (எதை விடுவது, எதை மறிப்பது என்ற பட்டியல்) எழுதிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. புதுக் கிளை வரும்போதெல்லாம் அந்த லிஸ்டைத் திருத்த வேண்டும். ஒரு வரி விடுபட்டாலும் யாருக்கும் தெரியாமல் கதவு திறந்துவிடும்.

சேர்வர்களுக்கென்று மூன்றாவதாக ஒரு விஆர்எஃப் போட்டோம். அது, உதாரணத்துக்குச் சொன்னால், 65010:900 என்ற ரூட் டார்கெட்டோடு (எந்த விஆர்எஃப் எடுக்கலாம் என்று ரூட்டில் ஒட்டும் அடையாளம்) தன் ரூட்டுகளை எக்ஸ்போர்ட் செய்யும், 65010:901 உள்ளதை இம்போர்ட் செய்யும். கம்பனிகள் இரண்டும் 900ஐ இம்போர்ட் செய்யும். தங்கள் லான் பிரிஃபிக்ஸுகளில் (உள் நெட்வேர்க்கின் முகவரித் தொகுதிகளில்) மட்டும் வழமையான டார்கெட்டோடு 901ஐயும் எக்ஸ்போர்ட் மேப் (எந்த ரூட்டில் எதை ஒட்டுவது என்ற விதி) மூலம் ஒட்டி அனுப்பும். இம்போர்ட் ஆகி வந்த ரூட்டை ஒரு விஆர்எஃப் தன் டார்கெட்டை ஒட்டித் திரும்ப எக்ஸ்போர்ட் செய்வதில்லை. அதனால் சேர்வர் பக்கம் இரண்டு கம்பனியையும் அறியும், கம்பனிகள் ஒன்றை ஒன்று அறியா. புதிய வித்தை எதுவும் இல்லை. வெவ்வேறு நிறுவனங்கள் இப்படிப் பகிரும் எக்ஸ்ட்ராநெட் என்ற ஏற்பாட்டை 1999இல் வந்த ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப ஆவணம்) 2547ஏ பேசுகிறது; 2006இல் அதன் இடத்துக்கு வந்த 4364இலும் இருக்கிறது.

மாற்றிய இரவில் பேலியகொடையில் நின்ற தம்பி, சேர்வர் பதில் தருகிறதா என்று பிங் அடித்துப் பார்த்துவிட்டுக் கோல் எடுத்தார். “அண்ணா, பிங் போகேல்லை. ரூட் எல்லாம் வடிவா இருக்கு.”

“எந்த ஐபியிலிருந்து அடிக்கிறீங்கள்?”

“சும்மாதான், ரூட்டரிலிருந்து.”

சும்மா அடித்தால் வான் பக்கத்து, அதாவது கம்பனியை எங்கட நெட்வேர்க்கோடு இணைக்கும் பக்கத்து, /30 முகவரிதான் சோர்ஸாகப் போகும். அந்த /30க்கு 901 இல்லை; சேர்வர் விஆர்எஃப்புக்குத் திரும்பி வர வழி தெரியாது. லான் இன்டர்ஃபேஸை சோர்ஸாக வைத்து அடிக்கச் சொன்னேன், உடனே பதில் வந்தது. ரூட் பகிரும்போது போகும் வழியை எல்லோரும் பார்க்கிறோம். சேர்வர் பக்க டேபிளில் திரும்பும் ரூட் இருக்கிறதா என்றுதான் நான் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பேன்.

வெள்ளவத்தை பாக்கெட்:

எக்ஸ்போர்ட் மேப் பற்றி ஒன்று, அண்ணா. வேறொரு இடத்தில் அமைத்த நெட்வேர்க்கை நாங்கள் பொறுப்பெடுத்தோம். தலைமையகத்து லானை அதே கம்பனியின் கிளைகளே காணவில்லை, ஆனால் பகிர்ந்த சேர்வருக்கு மட்டும் அது தெரிகிறது. சிஸ்கோ ரூட்டர்களின் ஐஓஎஸ் மென்பொருளில் மேப்புக்குள் ரூட் டார்கெட் வைக்கும் வரியின் கடைசியில் ‘அடிட்டிவ்’ இல்லை. அது இல்லாவிட்டால் புதிய டார்கெட் பழையதோடு சேராது, பழையதைத் தூக்கிவிட்டு உட்காரும். ஒரே ஒரு சொல். அதைப் போட்டதும் கிளைகள் எல்லாம் வந்தன.

மருதானை:

நான் கண்ட பெரிய தலையிடி முகவரி மோதல். இரண்டு வாடிக்கையாளரும் 192.168.1.0/24. “ரூட் டிஸ்டிங்குயிஷர் வேறு வேறுதானே, பிறகென்ன?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ரூட்டின் முன்னால் ஒட்டும் அந்த 8 பைட் அடையாளம், ரூட்டர்கள் ரூட் பரிமாறும் பிஜிபி முதுகெலும்பில் இரண்டையும் பிரித்து வைக்கும், உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே சேர்வர் விஆர்எஃப்புக்குள் இம்போர்ட் ஆனவுடன் அங்கே வெறும் 192.168.1.0/24 மட்டுந்தான். ஒன்று வெல்லும், மற்றவரின் பதில் பாக்கெட் அடுத்தவர் வாசலுக்குப் போகும். ஒரு பக்கமாவது நாட் (முகவரி மாற்றம்) செய்துதான் தீர வேண்டும். எங்களிடம் வாடிக்கையாளரின் ரூட்டரிலேயே நாட் போட்டு, நாங்கள் கொடுத்த தனி முகவரியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்தோம். இதை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

கோட்டை நெட்வேர்க்:

மருதானை சொன்னது மிகச் சரி. இன்னொன்றையும் எழுத வேண்டும், ஏனென்றால் இது பாதுகாப்பு விஷயம். பிறகு அந்தக் கம்பனிகள் இன்டர்நெட்டும் அதே சேர்வர் பக்க ஃபயர்வோல் வழியாக வேண்டும் என்றார்கள். அப்படியானால் சேர்வர் விஆர்எஃப்பிலிருந்து 0.0.0.0/0ஐயும், அதாவது வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்குமான டிஃபோல்ட் ரூட்டையும், எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும். கோட்டைக் கம்பனியிடம் பேலியகொடை ரூட் இல்லை, ஆனால் டிஃபோல்ட் ரூட் இருக்கிறது. பேலியகொடைக்கு அனுப்பும் பாக்கெட் டிஃபோல்ட்டைப் பிடித்து மாலபேக்குப் போகும், ஃபயர்வோலுக்கு ஏறும். அதன் உள்பக்க ரூட் அந்தப் பாக்கெட்டை எங்கட நெட்வேர்க்கின் விளிம்பில் உள்ள அதே பிஇ ரூட்டருக்குத் திருப்பிவிடும். அந்த சேர்வர் விஆர்எஃப்புக்கோ பேலியகொடை நன்றாகத் தெரியும், கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். திரும்பும் பாக்கெட்டுக்கும் இதே வழி. ரூட் டார்கெட்டைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், ஆனால் இரண்டு கம்பனியும் கதைத்துக்கொண்டிருக்கும்.

ஃபயர்வோலில் உள்பக்கத்திலிருந்து வந்து உள்பக்கத்துக்கே போகும் டிராஃபிக்கை மறிக்கும் விதியை மேலே வைத்த பிறகுதான் டிஃபோல்ட்டைத் திறந்தோம். கையளிக்கும்போது கோட்டை லானிலிருந்து பேலியகொடை லானுக்கு பிங் அடித்து, போகவில்லை என்று வாடிக்கையாளர் முன்னாலேயே காட்டிக் கையொப்பம் வாங்குகிறோம்.

மருதானை:

அண்ணா, அந்த விதியை எங்கட பக்கமும் நாளைக்கே பார்க்கிறேன். இரண்டு டேட்டா சென்டரிலிருந்தும் டிஃபோல்ட் வருகிற இடத்தில் யாராவது இதைச் செய்திருந்தால் எழுதுங்கள்.