அண்ணனோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் இருக்கிறவர்களிடம் ஓர் உதவி.

சம்பா கதிர் வரும் நேரத்தில் மழையில் மூழ்கியதிலிருந்து அண்ணன் சரியாக இல்லை. போன வாரம் களத்துமேட்டில் உட்கார்ந்து, "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம் பாப்பா" என்றார். "சாகணும்னு தோணுதாண்ணா?" என்று நேராகவே கேட்டேன். தலையாட்டிவிட்டு அழுதார். அன்றிரவே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசினோம் (இலவசம், தமிழிலேயே பேசலாம்). இப்போது அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறோம். அவரைத் தனியாக விடுவதில்லை.

ஆனால் சபையில் ஒரு பெரியவர், விசுவாசக் குறைவுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். அப்புறம் அண்ணன் வேதத்தைத் தொடவே இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை. எலியா தீர்க்கதரிசியே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டவர்தானே? தேவதூதன் அவரைத் திட்டவில்லை. தூங்கவிட்டான், தட்டி எழுப்பினான், சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அதுவும் இரண்டு தடவை.

நேற்று அண்ணன் பழைய சோறு இன்னொரு கை கேட்டு வாங்கினார். அதற்கே ஸ்தோத்திரம் சொன்னேன்.

புத்தி சொல்லாமல் அவரோடு உட்காரக்கூடிய போதகரோ ஃபாதரோ தெரிந்தால் சொல்லுங்கள். இதே இருட்டிலிருந்து இயேசுவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் என்றால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்தாலும் சரி, போனில் பேசினாலும் சரி. தனிச்செய்தி அனுப்புங்கள்.