நான்காம் நாளில் அலை தட்டையாகிறது: கடிகாரம் நின்றுவிட்டதா?

கேள்வி:
அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சின்னக் கடுகினச் செடி) நாற்று. செடிக்குள் ஓடும் நாள் கடிகாரத்தின் மரபணுக்களில் ஒன்றான சிசிஏ1-இன் ஊக்கியோடு (மரபணுவை இயக்கும் பகுதி) மின்மினி லூசிஃபெரேஸ் (ஒளி தரும் நொதி) சேர்த்த ரகம். 22 டிகிரியில் 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று 7 நாள் வைத்து, பிறகு தொடர் வெளிச்சம். அன்றைக்கே லூசிஃபெரின் (அந்த நொதி எரித்து ஒளியாக்கும் பொருள்) தெளித்து, விளக்கை அணைத்தவுடன் 10 நிமிடப் படம். முதல் உச்சம் மட்டும் பூதாகாரமாக வருகிறது. 4ஆம் நாள் அலை பாதி, 6ஆம் நாள் கிட்டத்தட்ட நேர்கோடு. வேர்நுனி வேறு நேரத்தில் உச்சம் தொடுகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
முதல் உச்சம் கடிகாரத்தின் வேலை இல்லை. லூசிஃபெரின் இல்லாத இலையில் நொதி சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும். தெளித்ததும் மொத்தமாக எரிகிறது. 5 மில்லிமோலார் லூசிஃபெரினை 0.01% ட்ரைட்டான் எக்ஸ்-100 (இலையில் திரவம் பரவ உதவும் சோப்பு போன்ற பொருள்) கலந்து ஒரு நாள் முன்னதாகவே தெளித்துப் பழைய இருப்பைத் தீர்த்துவிடுங்கள். அணைத்தவுடன் படம் எடுக்கவும் கூடாது. பச்சையமே சில நிமிடம் மங்கலாக ஒளிரும், அதுவும் பதிவாகிவிடும். 2–3 நிமிடம் பொறுங்கள்.

பதில் 2:
நின்றிருக்காது, கலைந்திருக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. தினமும் விடியல்தான் எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குத் திருப்பி வைக்கிறது. தொடர் வெளிச்சத்தில் அது இல்லை. இலைச் செல்களுக்குள் பிணைப்பும் பலவீனம். 24 மணிக்கு ஒரு சுற்று ஓடும் செல்லும் 26 மணிக்கு ஓடும் செல்லும் 6 நாளில் 12 மணி விலகிவிடும்: ஒன்று உச்சியில், மற்றது பள்ளத்தில். கூட்டினால் நேர்கோடு.

படத்தில் ஒளியை அளக்க முழு நாற்றுக்கும் ஒரே கட்டம் போடாமல் விதையிலை, தண்டு, வேர்நுனி என்று சின்னச் சின்னதாகப் போட்டுப் பாருங்கள். சராசரி ஒளியும் சேர்ந்து இறங்கினால் சந்தேகம் லூசிஃபெரின் மேல். சராசரி அப்படியே இருந்து அலை மட்டும் சுருங்கினால் கலைவு. மறுபடி இருட்டு-வெளிச்சம் கொடுத்து அலை திரும்புகிறதா என்று பார்ப்பது பலர் செய்வது, ஆனால் எதையும் நிரூபிக்காது. நின்ற கடிகாரத்தையும் விடியல் ஓடவைக்கும்.

பதில் 3:
வேர்நுனி விலகுவது இயல்பு, அதைத் திருத்தப் பார்க்காதீர்கள். வேரில் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று இழுப்பதால் உச்சம் அலையாக நகரும். தண்டிலிருந்தும் சேதி போகிறது: கடிகாரப் புரதங்களில் ஒன்றான இ.எல்.எஃப்4 வேருக்கு இறங்கி, வெப்பநிலைக்கு ஏற்ப அங்குள்ள வேகத்தை மாற்றுவதை ஒட்டு நாற்றுகளில் காட்டி 2020இல் வெளியிட்டார்கள். ஒன்று மட்டும்: தெளிவான தட்டில் வேருக்கும் நேரடி வெளிச்சம் விழும். மண்ணுக்குள் இருப்பதுபோல் வேண்டுமானால் வேர்ப்பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி, படமெடுக்கும்போது மட்டும் தாளை விலக்குங்கள்.

கேட்டவர்:
சராசரி இறங்கவில்லை. விதையிலைக்குள் சின்னக் கட்டம் போட்டதில் 6ஆம் நாளும் அலை தெரிகிறது, கட்டத்துக்குக் கட்டம் உச்சம் 3–4 மணி தள்ளி. முன்தெளிப்போடு அடுத்த தட்டு போடுகிறேன்.