மறு: தெர்மோஸ்ரற்றுக்குத் தமிழ் – நிறுத்தியா, சீராக்கியா, ஆளியா?

எல்லோருக்கும் வணக்கம்.

அறைச் சூட்டைப் பார்த்துப் பொயிலரைப் போட்டு அணைக்கும் சுவர்ப் பொறியான தெர்மோஸ்ரற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று கிழமையாக வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இன்று எழுத வைத்தது என் சின்னம்மா.

சின்னம்மா லண்டனில், ஹரோவில் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலருக்கு இருபது வயதுக்கு மேல். போன மாதம் அவருடைய மகன் சுவரில் இருந்த பழைய வட்டத் தெர்மோஸ்ரற்றைக் கழற்றுவித்து, கைப்பேசியிலும் இயக்கக்கூடிய புதியது ஒன்றைப் பூட்டுவித்தான். "அண்ணை, அம்மாவுக்கு விளங்குற மாதிரித் தமிழில் ஒரு தாளில எழுதித் தாங்கோ, பக்கத்தில ஒட்டிவிடுறன்" என்று கேட்டான். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்துகொண்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு, குளிர் நாட்டு வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று எழுதினேன். மேலே கொட்டை எழுத்தில் "வெப்பநிறுத்தி" என்று தலைப்பு. இந்த இழையில் அதிகம் பேர் ஆதரித்த சொல் அது. எனக்கும் அப்போது பிடித்திருந்தது.

பத்து நாள் கழித்து வீடியோவில் கதைத்தேன். சின்னம்மா இரண்டு சுவெற்றருக்கு மேல் சால்வையும் போர்த்துக்கொண்டு இருந்தார். அறை பதினாறு பாகை. ஏன் கூட்டி வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அது நிறுத்துறதெல்லோ மோனை. தொட்டால் பொயிலர் நிண்டு போகுமெண்டு விட்டிட்டன்."

நாற்பது வருசம் வயரிங் வேலை செய்தவன் எழுதிய ஒற்றைச் சொல், ஒரு கிழவியைப் பத்து நாள் குளிரில் இருத்தி வைத்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், "நிறுத்தி" வேண்டாம். வெப்பநிலையை ஒரே நிலையில் நிறுத்துவது என்பதே அதன் பொருள், நிலைநிறுத்துவது போல, என்று இந்த இழையில் எழுதும் மதுரை ஐயா விளக்கியிருந்தார். இலக்கணப்படி சரி. ஆனால் பொறிக்குப் பக்கத்தில் "நிறுத்தி" என்று எழுதினால், பஸ்ஸில் "நிறுத்து" என்று சொல்வதுதான் காதில் விழும்.

இரண்டாவது சொல் "வெப்பச் சீராக்கி". இதுவும் நல்ல சொல்தான், ஆபத்து வேறு பக்கம். எங்கள் வீடுகளில் சீராக்கி என்றால் மின்விசிறிக்குப் பக்கத்தில் இருக்கும் ரெகுலேற்றர். ஒன்றில் வைத்தால் மெதுவாகச் சுழலும், ஐந்தில் வைத்தால் பறக்கும். அந்தப் பழக்கத்தில் சித்தப்பா பழைய பொயிலரோடு வருசக்கணக்காக மல்லுக்கட்டியவர். வெளியில் இருந்து வந்ததும் முப்பதுக்குத் திருப்புவார், வீடு கெதியாகச் சூடாகும் என்று. ஆகாது. பதினாறில் இருந்து இருபதுக்குப் போக எடுக்கும் நேரம், இருபதில் வைத்தாலும் முப்பதில் வைத்தாலும் ஒன்றேதான். பொயிலர் இரண்டு தரமும் ஒரே மாதிரித்தான் எரிகிறது. வித்தியாசம் என்னவென்றால், முப்பதில் வைத்தவர் இருபதில் நிறுத்த மறந்துபோவார், காஸ் பில் கூடும்.

மூன்றாவதாக "வெப்பங்காப்பி" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான், வெப்பத்தைக் காப்பது என்ற பொருளில். தமிழ்நாட்டுக்காரர் நாலு பேர் சிரித்துப் பதில் போட்டபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. நாங்கள் குடிப்பது கோப்பி. காப்பி குடிக்கிற ஊரில் அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று பிறகுதான் பிடிபட்டது.

சரி, அந்தப் பொறி உண்மையில் செய்வது என்ன?

பழைய வகையில் 230 வோல்ற் உயிர்க்கம்பி (மின்சாரம் கொண்டுவரும் கம்பி) சுவருக்கு வரும். உள்ளே ஈருலோகத் தகடு. அறை குளிர்ந்தால் அது வளைந்து தொடுகையை மூடும், மின்சாரம் திரும்பிப் போய்ப் பொயிலரை எழுப்பும். அறை சூடேறினால் தகடு மறுபக்கம் வளையும், தொடுகை விலகும். நம்முடைய அயன் பெட்டிக்குள் டிக் என்று கேட்கிறதே, அதே ஆள்தான். புதிய வகையில் தகட்டுக்குப் பதில் ஓர் உணரி. தொடுகை இருப்பது சுவரில் அல்ல. பொயிலருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிக்குள் ரிலேயாக, அதாவது மின்சாரத்தால் தானே திறந்து மூடும் சுவிச்சாக. சுவரில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் கம்பியில்லாமல் கதைத்துக்கொள்ளும். பழைய பொயிலருக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. யாரோ ஆளியை (சுவிச்சை) போட்டார்கள், எரிவோம் என்று எரியும். அணைத்தார்கள், விடுவோம் என்று விடும். ஒரு பாகையிலும் குறைந்த சின்ன இடைவெளிக்குள் இந்தப் போடலும் அணைத்தலும் நடக்கும்.

அந்தப் பெட்டியில் ஒரு குட்டிக் கம்பி விசயம் இருக்கிறது. அதையும் இங்கே வைக்கிறேன், ஏனென்றால் அதற்கும் சொல் தேவை. சில பொயிலர்களுக்கு 230 வோல்ற் திரும்பிப் போகவேண்டும். அப்போது உயிர்க்கம்பியையும் ரிலேயின் பொது முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் தொடுப்பார்கள். வேறு சில பொயிலர்கள் தங்கள் சொந்தக் குறைந்த வோல்ற்றளவை அனுப்பி, தொடுகை மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அவற்றுக்கு அந்தத் துண்டைக் கழற்றவேண்டும். கழற்றாமல் விட்டால் 230 வோல்ற் நேரே சுற்றுப்பலகைக்குள் போகும், பொயிலர் அதோடு சரி. வெளி மின்சாரம் ஏறாத இந்தத் தொடுகைக்கு "உலர் தொடுகை" என்று இந்த இழையில் ஒருவர் சொன்னார். வாசித்ததும் கையைத் துடைத்துவிட்டுத் தொடு என்று சொல்வது போல இருந்தது. "வெறுந்தொடுகை" என்றால் எந்த வயர்மனுக்கும் விளங்கும். தொடுகை மட்டும்தான், மின் இல்லை.

(பூட்டுகிற வேலையை அங்கே தகுதி பெற்ற மின்வினைஞரே செய்தார். காஸ் பக்கம் யாரும் கை வைக்கவில்லை. இங்கிலாந்தில் காஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் வேண்டும். நான் எழுதியது தாளில் ஒட்டுவதற்கு மட்டும்.)

இப்போது என் சொல். வெப்பாளி.

இலங்கையில் நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஆளி என்றுதான் படித்தோம். விளக்கு ஆளி, மின்விசிறி ஆளி. தமிழ்நாட்டில் சுவிட்ச் என்றோ சொடுக்கி என்றோ சொல்வீர்கள். ஆளி என்றால் ஆள்வது, மின்சாரத்தை ஆள்வது. தொழிலாளி, படைப்பாளி என்பதில் வருகிற ஆளியும் அந்தக் குடும்பம்தான். வெப்பத்தைப் பார்த்துத் தானே போட்டு அணைக்கும் ஆளி, வெப்பாளி. பொறி செய்வதையே சொல் சொல்கிறது. போடுவது, அணைப்பது. கூட்டித் திருப்பினால் கூடுதலாக எரியும் என்ற மயக்கமும் வராது. விளக்கு ஆளியை ஓங்கி அடித்தால் வெளிச்சம் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வராத காலத்தில் அம்மா ஒரு மரப்பெட்டிக்குள் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துக் கோழி முட்டை பொரிக்கப் பார்த்தவர். முட்டைக்கு வேண்டியது கிட்டத்தட்ட முப்பத்தேழரைப் பாகை, இருபத்தொரு நாள். அம்மாவிடம் வெப்பமானி கிடையாது. இரவில் எழும்பிப் பெட்டிக்குள் கை வைத்துப் பார்த்துத் திரியை இறக்குவார், ஏற்றுவார். அந்த இருபத்தொரு நாளும் எங்கள் வீட்டில் வெப்பாளி அம்மாதான். (பன்னிரண்டில் ஐந்து பொரித்தது. மோசமில்லை.)

மறுப்புகள் வரும். வந்தவற்றுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தனி மடலில் மதுரை ஐயா எழுதினார்: "வெப்பம், ஆளி இரண்டும் புணர்ந்தால் வெப்பவாளி என்றல்லவா வரும்? குற்றவாளி போல." உண்மைதான் ஐயா. ஆனால் வெப்பவாளி என்றால் குளியலறையில் சுடுதண்ணீர் நிரப்பி வைப்பது. அதனால் நான் வெப்பம் என்பதில் இருந்து தொடங்கவில்லை, வெப்பு என்பதில் இருந்து தொடங்குகிறேன். படைப்பு, ஆளி படைப்பாளி ஆவது போல வெப்பு, ஆளி வெப்பாளி ஆகும். பாண்டியனுக்கு வந்தது வெப்பு நோய் அல்லவா என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும். நோயாளி என்பது போல வெப்பாளி என்றால் காய்ச்சல்காரன் என்று யாராவது சிரித்தால், சிரித்தவருக்குச் சொல் மனதில் நின்றுவிடும்.

அப்படியென்றால் "சூட்டாளி" என்று வைத்தால் என்ன, கூட்டாளி மாதிரிக் காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று ரொறன்ரோத் தங்கச்சி கேட்டிருந்தார். தங்கச்சி, ஒலி அழகுதான். ஆனால் இங்கே சூடு என்றால் எங்கள் வயதுக்காரரின் காது இன்னும் துப்பாக்கிப் பக்கம்தான் திரும்பும். "சூட்டாளி" என்று எங்கள் சந்தியில் எழுதிப் போட்டால் ஆட்கள் வேறு எதையோ நினைப்பார்கள். அந்தச் சொல்லை இன்னும் ஒரு தலைமுறைக்குத் தள்ளி வையுங்கள்.

தங்கச்சியின் இரண்டாவது கேள்வி கனமானது. புதிய பொயிலர்களில் கட்டுப்படுத்தி வெறும் ஆளி அல்ல, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்று பொயிலருக்குச் சொல்லிச் சுவாலையைக் கூட்டிக் குறைக்கிறது, அதை எப்படி ஆளி என்பது என்று. அது சரி. சின்னம்மாவின் பொயிலருக்கு அந்தப் பாசை தெரியாது, போடு, அணை இரண்டும்தான் தெரியும். புதியவற்றில் சுவிச் என்ற பொருள் தேய்ந்துபோகும், ஆள்வது என்ற பொருள் நிற்கும். ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருளும் இருப்பது இங்கே வசதி.

"ஸ்மார்ட்" என்பதற்கு நான் ஒன்றும் முன்மொழியவில்லை. சூட்டிகை வெப்பாளி என்று ஒருவர் சொன்னது அழகு, சூட்டிகையான பிள்ளை என்பதில் வரும் அதே சொல். ஆனால் பத்து வருசத்தில் எல்லாமே அப்படி ஆகிவிட்டால் அந்த அடைமொழி தானே உதிரும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1875இல் வேதியியல் நூல் ஒன்றுக்குக் "கெமிஸ்தம்" என்று பெயர் வைத்தார். அந்தச் சொல் இன்று இல்லை. இலங்கையில் இரசாயனவியல், உங்களிடம் வேதியியல். சொல் போனாலும் அவரிடம் படித்தவர்கள் மருத்துவம் படித்தார்கள். வெப்பாளியும் போகலாம், எனக்குக் கவலை இல்லை. சின்னம்மாவின் சுவரில் இந்தக் குளிர்காலம் நின்றால் போதும்.

கோண்டாவிலில் இருந்து,
உங்கள் பழைய வயர்மன்

*

அதே இழையில், ஐந்து நாள் கழித்து:

புதிய தாள் ஒட்டியாயிற்று. தலைப்பு "வெப்பாளி". கீழே மூன்று வரிதான் எழுதினேன். குளிர்ந்தால் இருபத்தொன்றில் வை. போதும் என்றால் பத்தொன்பதில் வை. முப்பதுக்குத் திருப்பாதே, பயன் இல்லை. (மூன்றாவது வரி சித்தப்பாவுக்கு.)

நேற்று சின்னம்மா அழைத்தார். "ஆளி எண்டால் லைற் போடுறது மாதிரியே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப தொடலாம்" என்று சொல்லி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தொன்றுக்கு மாற்றினார். பொயிலர் எரியத் தொடங்கும் சத்தம் எனக்கும் கேட்டது.

பொயிலரை இந்த இழையில் கொதிகலன் என்று எழுதியதற்கு மதுரை ஐயா மறுப்புத் தெரிவித்திருக்கிறார், அதற்குள் தண்ணீர் கொதிப்பதே இல்லையே என்று. அவர் சொல்வது சரி. அதற்கு வேறு இழை தொடங்குங்கள், இதற்குள் போட்டால் குழம்பிவிடும்.